பொறி நிறைய ஈ, பழம் நிறையப் புழு: செயற்கை இனக்கவர்ச்சிப் பொருளை எப்படிச் சோதிப்பது?

நீங்கள் கேட்ட கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் நான்கு ஏக்கர் மாந்தோப்பு, பெங்களூராவும் நீலமும். பழ ஈக்கு என்று கேட்டபோது மருந்துக்கடையில் ‘செயற்கை இனக்கவர்ச்சிப் பொருள்’ என்று இரண்டு கம்பெனி லூர் (ஈயை வாசனையால் இழுக்கும் துண்டு, பொறிக்குள் வைப்பது) கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் கட்டியதில் ஒரே வாரத்தில் பொறி டப்பாக்கள் ஈயால் நிறைந்துவிட்டன. ஆனாலும் நீலம் பழத்தை அறுத்தால் உள்ளே புழு. ‘லூர் போலியா? இரண்டில் எது நல்லது என்று நானே சோதித்துப் பார்க்க முடியுமா?’ என்பதுதான் கேள்வி.

போலியாக இருந்தால் டப்பா நிறைந்திருக்காது. லூர் தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த வேலை என்ன என்பதைத்தான் கடையில் உங்களுக்குச் சொல்லவில்லை.

முதலில் ஒன்று செய்யுங்கள். டப்பாவிலிருந்து இருபது ஈயை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, பத்து ரூபாய் பூதக்கண்ணாடியாவது வைத்துக்கொண்டு வயிற்றின் நுனியைப் பாருங்கள். பெண் ஈக்கு அங்கே ஊசிபோல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். மாங்காய்த் தோலைத் துளைத்து முட்டை வைப்பது அதனால்தான். ஆணுக்கு நுனி மொட்டையாக இருக்கும். உங்கள் இருபதும் மொட்டையாகத்தான் இருக்கும் என்று பார்க்காமலேயே சொல்கிறேன். பழத்தைக் கெடுக்கிற பெண் ஒன்றுகூட அந்த டப்பாவுக்குள் வரவில்லை.

காரணம், டப்பாவில் இருப்பது மெத்தில் யூஜினால். அதை இனக்கவர்ச்சிப் பொருள் என்று அட்டையில் அச்சடிப்பது வழக்கமாகிவிட்டது, நாங்களும் பேச்சில் அப்படியே சொல்கிறோம். ஆனால் எந்தப் பெண் ஈயும் அதை உற்பத்தி செய்வதில்லை. அது செடியில் இருக்கும் பொருள். துளசியில் உண்டு, இன்னும் பல செடிகளின் பூவிலும் இலையிலும் உண்டு. நம்பிக்கை வராவிட்டால் காலை ஏழு மணிக்கு ஒரு கைப்பிடி கருந்துளசியைக் கசக்கிக் கொட்டாங்குச்சியில் போட்டுத் தோப்பில் வைத்துப் பாருங்கள். உங்கள் செடியில் மெத்தில் யூஜினால் நன்றாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஆண் ஈக்கள் வந்து உட்காரும். உட்கார்ந்தவை அந்தச் சாற்றை நக்க ஆரம்பித்தால் விரலால் தள்ளினாலும் சட்டென்று பறக்காது. கள்ளுக்கடையில் இடம் பிடித்தவர்போல அசையாமல் இருக்கும். எல்லாத் துளசியும் ஒன்றல்ல, சிலவற்றில் வெறும் யூஜினால்தான் அதிகம். அதனால் வரவில்லை என்றால் செடியைக் குறை சொல்லுங்கள், என்னை வேண்டாம்.

இது கண்டுபிடிக்கப்பட்டதும் நம் நாட்டில்தான். பீகாரில் பூசா என்ற ஊரில் அன்றைய இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர். கொசுவை விரட்டுவதற்காகக் கைக்குட்டையில் சிட்ரனெல்லா எண்ணெய் தடவிக்கொண்ட ஒருவரை ஈக்கள் மொய்ப்பது அவர் கவனத்துக்கு வந்தது. மொய்த்தவை பழ ஈக்கள், அத்தனையும் ஆண்கள். 1912-ல் அதைப் பற்றி எழுதினார். அந்த எண்ணெயில் இருக்கும் எந்தப் பொருள் இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, 1915-ல் மெத்தில் யூஜினாலைச் சுட்டிக்காட்டினார். அந்தச் சோதனை இன்றைக்கும் பாடம்தான். கலவை ஒன்று வேலை செய்கிறது என்றால் அதோடு விடாமல், அதற்குள் எது வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது.

ஆண் ஈ ஏன் அதைத் தின்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. தின்ற மெத்தில் யூஜினாலை உடம்புக்குள் வேறு இரண்டு பொருளாக மாற்றிக் குதத்தின் அருகே இருக்கும் ஒரு சுரப்பியில் சேர்த்து வைக்கிறது. ஒன்று கோனிஃபெரில் ஆல்கஹால், மற்றது அல்லைல் டைமெத்தாக்ஸி ஃபீனால். அந்தி நேரத்தில் இறக்கையை விசிறிக்கொண்டே அந்த வாசனையை வெளியே விடும். மலேசியாவில் டானும் ஜப்பானைச் சேர்ந்த நிஷிதாவும் சேர்ந்து இதை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். மெத்தில் யூஜினால் தின்ற ஆணைத்தான் பெண் அதிகம் நாடுகிறது என்பது காற்றுச் சுரங்கச் சோதனைகளில், அதாவது வாசனை கலந்த காற்றைச் சீராக ஓடவிட்ட நீளக் கூண்டுகளில், தெரிந்தது. அதாவது உங்கள் டப்பாவில் இருப்பது கவர்ச்சிப் பொருளின் மூலச்சரக்கு. அத்தரே அல்ல, அத்தர் செய்கிற பூ.

பாகல், புடலை, பீர்க்கு பந்தலில் கட்டுகிற லூர் வேறு. அது க்யூலூர். பாகற்காய் ஈயின் ஆணுக்கானது. மாந்தோப்பில் அதைக் கட்டிவிட்டு ‘ஒன்றும் விழவில்லை’ என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விற்றவர் மேல்தான் தப்பு, ஆனால் கட்டுவதற்கு முன் அட்டையைப் படித்திருக்கலாம்.

சரி, அப்படியானால் உண்மையான இனக்கவர்ச்சிப் பொருளைச் செயற்கையாகச் செய்து பெண்ணையே பிடித்துவிடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். உலகம் முழுக்க இதைத்தான் நாற்பது ஐம்பது வருஷமாகச் சோதிக்கிறார்கள். ஏன் இன்னும் உங்கள் மருந்துக்கடைக்கு வரவில்லை என்று சொல்கிறேன்.

கத்தரிக் காய்ப்புழுவுக்குக் கட்டுகிற பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்துப்பூச்சியில் பெண் ஓரிடத்தில் உட்கார்ந்து வாசனை விடும், ஆண் தொலைவிலிருந்து தேடி வரும். அந்தப் பெண்ணின் வாசனையைச் செயற்கையாகச் செய்து ரப்பர் மூடியில் ஊற வைத்தால் ஆண் ஏமாந்து வரும். வாசனை மட்டும் போதும். பழ ஈயில் பெரும்பாலும் கதை தலைகீழ். கூப்பிடுவது ஆண், வருவது பெண். கூப்பிடுவதும் வாசனையால் மட்டுமில்லை. இறக்கை விசிறும் சத்தம், எந்த மரம், எந்த வெளிச்சம், பக்கத்தில் வேறு ஆண்கள் இருக்கிறார்களா என்பதெல்லாம் சேரும். சில ஆண்கள் ஒரு மரத்தின் இலைகளில் கூட்டம்போட்டு ஆளுக்கு ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள், பெண் வந்து சுற்றிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இதில் வாசனையை மட்டும் குப்பியில் அடைத்தால், கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தை மட்டும் ஒலிபெருக்கியில் போட்ட மாதிரிதான். சிலர் எட்டிப் பார்ப்பார்கள், பந்தியில் உட்கார மாட்டார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு விதிவிலக்கு மத்தியதரைக்கடல் நாடுகளின் ஆலிவ் ஈ. அதில் பெண்தான் கவர்ச்சிப் பொருள் விடுகிறது. 1980-ல் அதன் அமைப்பைக் கண்டுபிடித்து ஒலியான் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம்தான் வேடிக்கை. அந்த மூலக்கூறுக்கு இடக்கை வலக்கைபோல இரண்டு வடிவம் உண்டு. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். ஜப்பான் வேதியியலாளர் கெஞ்சி மோரி இரண்டையும் தனித்தனியே செய்தார். கிரேக்கத்தில் அவற்றைத் தனித்தனியே சோதித்தபோது வலக்கை வடிவத்துக்கு ஆண் ஈயும் இடக்கை வடிவத்துக்குப் பெண் ஈயும் பதில் தந்தன. பெண் ஈ இரண்டையும் கலந்தே வெளியிடுகிறது. வேதிப்பெயர் ஒன்றே என்று நினைத்துக் கலவையை வாங்கிச் சோதித்தவர் எதை அளந்தோம் என்றே தெரியாமல் போயிருப்பார். இப்போதும் செயற்கைப் பொருளைச் சோதிக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது அதன் தூய்மையையும் வடிவத்தையும்தான். கிரேக்கத்தில் இந்தப் பெரோமோனை (இனக்கவர்ச்சிப் பொருளுக்கு அறிவியல் பெயர்) அம்மோனியா வாசனையோடு சேர்த்துப் பூச்சிமருந்து தோய்த்த பொறிகளில் தோட்டம் முழுக்கக் கட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெரோமோன் தனியாக வேலையை முடிக்கவில்லை, சாப்பாட்டு வாசனை துணைக்கு வந்தது.

மத்தியதரைக்கடல் பழ ஈயின் கதைதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். அதன் ஆண் வெளியிடும் ஐந்து முக்கியப் பொருள்களைச் செயற்கையாகக் கலந்து, ஹவாயில் ஜாங் என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் 1990-களில் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். கன்னிப் பெண் ஈக்கள் வந்தன. நல்ல விஷயம். ஆனால் அடுத்த சோதனையில் ஒன்று தெரிந்தது. கலவி முடிந்த பெண் ஈக்கு அந்த வாசனையில் அக்கறை போய்விடுகிறது, அது கொய்யாப்பழ வாசனைப் பக்கம் திரும்பிவிடுகிறது. கலவிகூட வேண்டாம், ஆணின் துணைச் சுரப்பியிலிருந்து எடுத்த சாறைக் கன்னிப் பெண்ணுக்கு ஊசியால் ஏற்றினாலே இந்த மாற்றம் வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். உங்கள் நீலத்தைத் துளைக்கிற பெண் எப்போதோ கலவி முடித்தவள். அசல் இனக்கவர்ச்சிப் பொருளையே தங்கக் கிண்ணத்தில் வைத்தாலும் அவளுக்குத் தேவையில்லை. அவள் தேடுவது காயையும், முட்டை வளரத் தேவையான புரதத்தையும். அதனால்தான் அந்த ஈக்குப் பெண்ணைப் பிடிக்கும் லூராகக் கடைசியில் சந்தைக்கு வந்தது அம்மோனியம் அசிடேட், புட்ரெசின், டிரைமெத்தில் அமீன் மூன்றும் சேர்ந்த சாப்பாட்டு வாசனை.

அப்படியானால் ஆணைப் பிடிப்பதால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் கணக்கு கடுமையானது. உங்கள் தோப்பில் ஆயிரம் ஆண், ஆயிரம் பெண் என்று வைத்துக்கொள்வோம். பொறியில் தொள்ளாயிரம் ஆண் விழுந்தால் டப்பா வழியும், மனசு நிறையும். மிச்சம் இருக்கிற நூறு ஆணும் பல நாள் பல பெண்ணோடு சேரும். பெண்களில் பெரும்பாலானவை கன்னியாக மிஞ்சாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆணை ஒழித்தால்தான் அடுத்த தலைமுறை சரியும். பசிபிக்கில் ரோட்டா என்ற சின்னத் தீவில் 1962–63-ல் இதைச் செய்தே காட்டினார்கள். மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய நார்ப்பலகைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டார்கள், அந்தத் தீவில் கீழ்த்திசைப் பழ ஈ (நம் மாந்தோப்புக்கும் வரும் இனம்) ஒழிந்தது. ஜப்பானும் ஒகினாவா உள்ளிட்ட தென்மேற்குத் தீவுகளில் இதே வழியில் 1986-க்குள் ஒழித்தது. இரண்டுமே தீவு. சுற்றிலும் கடல், வெளியிலிருந்து ஈ வராது. உங்கள் நான்கு ஏக்கருக்குச் சுற்றிலும் மாந்தோப்புதான். நீங்கள் ஆணை ஒழித்தாலும் கருவுற்ற பெண்கள் வரப்பைத் தாண்டி வரும். பாகற்காய் ஈக்குக் க்யூலூரின் இழுப்பு அவ்வளவு வலுவில்லாததால் ஜப்பான்காரர்கள் மலட்டு ஈக்களை (சேர்ந்தாலும் முட்டை பொரியாது) கோடிக்கணக்கில் விட்டு, 1993-ல்தான் வேலையை முடித்தார்கள்.

இப்போது சோதனைக்கு வருகிறேன். பெரிய ஆய்வகங்களில் ஒரு செயற்கைப் பொருள் கிடைத்தால் முதலில் ஈயின் உணர்கொம்பில் மெல்லிய மின்முனை வைத்து அந்த வாசனையை ஊதுவார்கள். கொம்பில் சின்ன மின்னழுத்தம் எழுந்தால் ஈக்கு மூக்கில் படுகிறது என்று பொருள். அவ்வளவுதான் பொருள். எனக்கும் சாக்கடை வாசனை நன்றாகவே மூக்கில் படும், அதற்காக அங்கே போய் உட்காருவேனா? அதனால் அடுத்து ஒய் வடிவக் கண்ணாடிக் குழாய். ஒரு கிளையில் வாசனை, மறு கிளையில் வெறும் காற்று, ஈ எந்தப் பக்கம் போகிறது என்று எண்ணுவது. அப்புறம் காற்றுச் சுரங்கம், அப்புறம் மரத்தையே மூடிய பெரிய வலைக்கூண்டு, கடைசியில் தோட்டம். ஒவ்வொரு படியிலும் பாதிப் பொருள்கள் உதிர்ந்துவிடும். குழாயில் ஓடிவந்த ஈ தோட்டத்தில் கண்டுகொள்ளாமல் போவது சாதாரணம், ஏனென்றால் தோட்டத்தில் பழுத்த கொய்யா போட்டிக்கு நிற்கிறது.

ஆய்வக முடிவுகளைப் படிக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: ஈயின் வயது, நேரம், முன்னால் அது என்ன தின்றது. கூட்டிலிருந்து வந்து இரண்டு நாளான ஆண் மெத்தில் யூஜினாலைச் சரியாக மதிக்காது, பருவம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். காலையில்தான் அதிகம் வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மா பரிந்துரையில் எக்டருக்கு 25 இடத்தில், காலை 6-லிருந்து 8 மணிக்குள் மெத்தில் யூஜினால் வைக்கச் சொல்லியிருப்பது சம்பிரதாயத்துக்காக இல்லை. ஆனால் கலவி அந்தியில். ஆகவே பெண்ணை இழுக்கும் பொருளைக் காலை பத்து மணிக்குச் சோதித்துவிட்டு ‘பலனில்லை’ என்று எழுதினால் அது பொருளின் தோல்வி இல்லை, கடிகாரத்தின் தோல்வி. ஒரு தடவை வயிறு நிறைய மெத்தில் யூஜினால் தின்ற ஆண் அப்புறம் பல நாள் அதைச் சட்டை செய்யாது. அதே ஈயை மறுபடி சோதித்தால் முடிவு கோணிவிடும். இந்தக் குணத்தையே சிலர் சாதகமாக்கியிருக்கிறார்கள். மலட்டு ஆண்களுக்கு முன்கூட்டியே மெத்தில் யூஜினால் கொடுத்துவிட்டால் அவை பொறியில் விழாது, காட்டு ஆண் மட்டும் விழும்.

தோப்பில் நீங்கள் செய்யக்கூடிய சோதனை இது. மூன்று வகைப் பொறி: முதல் கம்பெனி, இரண்டாவது கம்பெனி, லூரே இல்லாத வெற்றுப் பொறி. டப்பா, நிறம், ஓட்டை, உள்ளே வைக்கும் பூச்சிக்கொல்லி எல்லாம் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த மஞ்சள் டப்பாவையும் இன்னொரு கம்பெனியின் வெள்ளை டப்பாவையும் ஒப்பிட்டால் நிறத்தையும் சேர்த்துச் சோதிக்கிறீர்கள். தோப்பை நான்கு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மூன்று வகையும் ஒவ்வொன்று, மொத்தம் 12 பொறி. பொறிக்குப் பொறி 30 மீட்டராவது இருக்கட்டும். நான்கு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 127 மீட்டர்தான், அதற்குள் அடங்கும். மெத்தில் யூஜினாலுக்கு 30 மீட்டர் போதாது, ஒன்றின் ஈயை மற்றொன்று பிடுங்கும். அதனால் இந்தச் சோதனை ‘பக்கத்து பக்கத்தில் வைத்தால் எது ஜெயிக்கிறது’ என்று சொல்லும், ‘தனியாக வைத்தால் ஒவ்வொன்றும் எத்தனை பிடிக்கும்’ என்று சொல்லாது. உங்கள் கேள்விக்கு முதலாவது போதும்.

வாரத்துக்கு ஒரு முறை எண்ணி முடித்ததும் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இடம் மாற்றுங்கள். இதை நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லூரின் பொறிகளை வாய்க்கால் ஓரமாகவும், இன்னொன்றின் பொறிகளை மேட்டுப் பக்கமும் கட்டினேன். வாய்க்கால் ஓரம் அமோகமாக ஜெயித்தது. அறிக்கைகூட எழுதிவிட்டேன். அதைப் பார்த்த மூத்தவர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல், ‘இந்த வாரம் மாற்றிக் கட்டிவிட்டு வாப்பா’ என்றார். மாற்றியதும் தோற்ற லூர் ஜெயித்தது. ஜெயித்தது லூரே இல்லை, வாய்க்கால் ஓரம் நின்ற இரண்டு கொய்யா மரம். மூன்று இடம், ஆறு வாரம் என்றால் ஒவ்வொரு லூரும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வாரம் இருந்திருக்கும், கொய்யா மரத்தின் பங்கு அடிபட்டுப் போகும்.

வெற்றுப் பொறி எதற்கு என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கட்டும்போதும் அதையே முதலில் கட்டுங்கள். லூரைத் தொட்ட கையுறையோடு வெற்றுப் பொறியைத் தொட்டால் போதும், அதிலும் ஆண் ஈ விழும். ஒட்டியிருக்கிற துளி அவ்வளவு வலுவானது. கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் முசுறு எறும்பு உள்ளே இறங்கி ஈயைத் தூக்கிக்கொண்டு போய்விடும், டப்பாவில் இறக்கை மட்டும் கிடக்கும், நீங்கள் லூரைச் சந்தேகப்படுவீர்கள். அதற்காக முசுறுக் கூட்டைக் கொளுத்திவிடாதீர்கள். முசுறு நடமாடும் மரத்தில் பழ ஈ முட்டையிடத் தயங்கும் என்பது ஆப்பிரிக்க மாந்தோப்புகளில் பார்த்த உண்மை. பறிக்கிறவரைக் கடிக்கும், அது வேறு விஷயம்.

எண்ணும்போது ‘ஈ’ என்று மொத்தமாக எழுதாதீர்கள். ஆண், பெண் பிரியுங்கள். இனத்தையும் பிரியுங்கள், நம் மாந்தோப்பில் மெத்தில் யூஜினாலுக்கு மூன்று இனமாவது வரும். வயிற்றில் கறுப்பாக ‘டி’ எழுத்துபோலக் கோடு, இறக்கையின் முன்விளிம்பில் அறுபடாத பட்டை என்றால் கீழ்த்திசைப் பழ ஈ. அதே கோடு இருந்து இறக்கைப் பட்டை நடுவில் அறுந்து நுனியில் ஒரு புள்ளியாக நின்றால் கொய்யா ஈ. உடம்பே செம்பழுப்பாக, இறக்கை நுனியில் மட்டும் புள்ளி என்றால் பீச் பழ ஈ. ஒரு லூர் ஒன்றை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் இழுக்கலாம்.

இனம் என்றதும் ஒரு கிளைக்கதை. 2003-ல் கென்யாவில் திடீரென்று ஒரு புதுப் பழ ஈ கிடைத்து, ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. இலங்கையில் இருக்கும் ஈயோடு ஒத்துப்போனதால் 2005-ல் இரண்டையும் சேர்த்து இன்வேடன்ஸ் என்று புது இனமாக அறிவித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2015-ல், அது புது இனமே இல்லை, பழைய கீழ்த்திசைப் பழ ஈதான் என்று முடிவாயிற்று. அந்த முடிவுக்கு ஒரு சான்று, மெத்தில் யூஜினால் தின்ற ஆணின் சுரப்பியில் சேர்ந்த பொருள்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. மூக்கால் அறிய வேண்டியதைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பத்து வருஷம் போயிற்று என்று சொல்லலாம். கொஞ்சம் அநியாயமாகச் சொல்கிறேன், மரபணுச் சான்றும் கலவிச் சோதனையும்கூட இருந்தன.

எண்ணிக்கையை ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஈ என்று மாற்றுங்கள். நான்கு பொறியில் 7 நாளில் 560 ஈ என்றால் 560-ஐ 28-ஆல் வகுத்தால் 20. உலகம் முழுக்க இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். சராசரியை மட்டும் நம்பாதீர்கள், ஒரே பொறி ஒரு வாரம் கொட்டிக் கொடுத்துச் சராசரியைத் தூக்கிவிடும். நான்கு பகுதி, ஆறு வாரம் என்றால் 24 பந்தயம். ஒவ்வொன்றிலும் எது ஜெயித்தது என்று கோடு போடுங்கள். 13-க்கு 11 என்றால் இரண்டும் ஒன்றுதான், விலை குறைந்ததை வாங்குங்கள். 20-க்கு 4 என்றால் வித்தியாசம் இருக்கிறது. காசு சுண்டினால் 24-ல் 20 தலை விழ ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூடக் கிடையாது.

முதல் வாரத்து வெற்றியை நம்பாதீர்கள். புது லூர் எல்லாமே முதல் வாரம் ராஜாதான். சில கம்பெனிகளின் பஞ்சுத்திரி வெயிலில் ஆவியை ஒரேயடியாக விட்டுவிட்டு மூன்றாம் வாரம் சும்மா தொங்கும். ஒட்டுப்பலகைத் துண்டில் ஊறவைத்தது நிதானமாக விடும். ஆல்கஹால் 6, மெத்தில் யூஜினால் 4, பூச்சிக்கொல்லி 1 என்ற பங்கில் ஊறவைப்பது நம் நாட்டில் பழகிய முறை. முடிந்தால் ஊர் நகைக்கடைத் தராசில் லூரைக் கட்டும் முன் ஒரு தடவை, அப்புறம் வாரா வாரம் ஒரு தடவை நிறுத்துக் குறியுங்கள். எடை இறங்குகிற வேகம்தான் வாசனை போகிற வேகம். நகைக்கடைக்காரர் முகம் சுளிப்பார், மூடிய டப்பாவில் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் செய்தாலும் தெரியப்போவது ஆண் ஈ எந்த லூருக்கு அதிகம் வருகிறது என்பது மட்டுமே. உங்களுக்கு வேண்டியது புழு இல்லாத பழம். அதற்குத் தனிச் சோதனை. பொறி கட்டிய தோப்பிலிருந்தும், கொஞ்சம் தள்ளிப் பொறி கட்டாத ஒரு தோப்பிலிருந்தும் ஒரே வாரத்தில், ஒரே ரகத்தில், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தமாதிரி பழம் எடுங்கள். நல்ல பழமாகப் பொறுக்கினாலும் சொத்தைப் பழமாகப் பொறுக்கினாலும் சோதனை கெட்டது. எடை போட்டு, அடியில் இரண்டு விரற்கடை ஈரமணல் பரப்பிய வாளியில் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். புழு பழத்தை விட்டு மணலில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பத்துப் பன்னிரண்டு நாளில் மணலைச் சலித்தால் பழுப்பு நிறத்தில் பருத்த அரிசிமணிபோல நிற்கும். கிலோவுக்கு எத்தனை என்று எண்ணுங்கள். நாற்றம் அடிக்கும், வீட்டில் திட்டு வாங்குவீர்கள், ஆனால் இந்த ஒரு எண்தான் நிஜமானது. ஏற்றுமதிக்காரர்களைக் கேளுங்கள். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தையும் நான்கு காய்கறியையும் தடுத்து நிறுத்தியது சரக்கில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் திரும்பத் திரும்ப அகப்பட்டதால்தான். மாம்பழத் தடை நீங்க அடுத்த ஜனவரி ஆயிற்று. அங்கே உங்கள் டப்பாவில் எத்தனை ஈ விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கையுறை போடுங்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெத்தில் யூஜினாலை மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற 2ஏ பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2023-ல் சேர்த்தது. தோப்பில் தொங்குகிற துண்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வெறும் கையால் ஊற்றிக் கலக்குவதும், மீதியைச் சமையலறை அலமாரியில் வைப்பதும் வேண்டாம். அதில் பூச்சிக்கொல்லியும் கலந்திருக்கிறது.

ஆகவே அடுத்த பருவத்துக்கு இப்படிச் செய்யுங்கள். காய் பருக்கும் முன்பே பொறி கட்டுங்கள், பழம் மஞ்சளிக்கும்போது கட்டினால் பெண்கள் எல்லாம் ஏற்கனவே கலவி முடித்திருக்கும். நீலம் பிந்திய ரகம். முன்னால் பழுத்த மரங்களில் பெருகிய ஈ முழுக்க அதன் தலையில்தான் வந்து விடியும். பெண்ணுக்கு வெல்லமோ புரதச் சாறோ கலந்த நச்சுணவை மரத்துக்கு மரம் இரண்டு கைத் தெளிப்பு கொடுங்கள். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். வரப்போரம் குவித்துவைத்தால் அதுதான் ஈப்பண்ணை. பக்கத்துத் தோப்புக்காரரையும் அதே வாரத்தில் பொறி கட்ட வைக்க முடிந்தால் லூர் கம்பெனியை மாற்றுவதைவிட அதற்குப் பலன் அதிகம். டப்பாவைப் பார்த்து நல்ல லூர் என்று அவர் உங்களைப் பாராட்டினால், வாளி மணலை ஒரு தடவை அவர் முன்னால் சலித்துக் காட்டுங்கள்.